இரண்டாவது தட்டு

“சுவரைப் பாருங்க மேடம். எல்லாம் பச்சை. ஒரே ஒரு சிவப்பு காட்டுங்க, இப்பவே வேலையை விட்டுடறேன்.”

மேலாளர் நீட்டிய விரலுக்கு நேரே ஆள் உயர டி.வி. ஒன்று சுவரை அடைத்துக்கொண்டு நின்றது. திரை நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். அத்தனையும் பசேல்.

“நாத்து நட்ட மாதிரி இருக்கு சார்,” என்றான் சுக்கு. “களை எடுக்கறது யாரு?”

மேலாளர் சிரிக்கவில்லை. துப்பறிய வந்த ஊசி மேடமும் சிரிக்கவில்லை. அவருடைய உதவியாளன் சுக்குவுக்கு அது பழகிப்போன விஷயம். ஒல்லி உடம்பு, காரமான வாய் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். மேடத்துக்கு ஏன் ஊசி என்று பெயர் வந்தது என்பது, அவர் கேள்வி கேட்டு முடித்த பிறகு எதிராளிக்குத் தானாகவே புரியும்.

“ஒவ்வொரு கட்டமும் ஒரு சோதனை,” என்றார் மேலாளர். “புரோகிராம்ல யாராவது ஒரு வரியை மாத்தினாக்கூட இதெல்லாம் தானா ஓடும். கணக்கு சரியா, திரை சரியா, அலாரம் அடிக்குதா, எல்லாத்தையும் பார்க்கும். சரியா இருந்தா பச்சை, தப்பா இருந்தா சிவப்பு. மனுஷன் கண் அசந்தாலும் இது அசராது.”

“அப்புறம் எப்படி அந்தக் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போச்சு?”

மேலாளரின் முகம் சுருங்கியது. “அதை அந்தப் பொண்ணுகிட்டதான் கேட்கணும்.”

கூடத்தின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு இளம்பெண் மேஜை மேல் முழங்கையை ஊன்றி, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆபீசில் எல்லோரும் அவளைச் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இன்று யாரும் கூப்பிடவில்லை.

விஷயம் இதுதான். நோயாளியின் நரம்பில் அளவாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு மென்பொருள் எழுதுவது அந்தக் கம்பெனியின் தொழில். நர்ஸ் நோயாளியின் எடையைத் தட்டினால், எவ்வளவு மருந்து என்று பம்பே கணக்குப் போடும். நேற்று ஒரு குழந்தைகள் வார்டில் அது தப்புக் கணக்குப் போட்டுவிட்டது. குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை. கடைசியாக அந்தப் புரோகிராமில் கை வைத்தவள் சிட்டு. நர்சுகளின் வசதிக்காகத் திரையின் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தாள். அந்த வேலையில் கணக்கைக் குலைத்துவிட்டாள் என்பது மேலாளர் கட்சி. ஐந்து மணிக்குப் போலீஸ் வருகிறது. சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்கப் போகிறது.

இவர்களிடம் வழக்கைக் கொண்டுவந்தவள் சிட்டுவின் நாத்தனார். “நாத்தனார் புகார் குடுக்க வந்தா, வழக்கமா அண்ணி மேலதான் குடுப்பாங்க. அண்ணிக்காகக் குடுக்கற நாத்தனாரை மியூசியத்துலதான் வைக்கணும்,” என்று சுக்கு அப்போதே சொன்னான். அதற்கு அவள், “எங்க அண்ணி ஒரு பொய் சொன்னா காது சிவந்துடும் சார். இன்னிக்கு வெள்ளையா இருந்துச்சு,” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மேடம் வழக்கை எடுத்துக்கொண்டார்.

“புது வெர்ஷனை எல்லா இடத்துலேருந்தும் எடுத்துட்டோம்,” என்றார் மேலாளர். “அவ கை படாத பழைய பம்பெல்லாம் தங்கம். பயமே வேண்டாம்.” மணி பார்க்கப் போனை எடுத்தவர், வழக்கம்போலத் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். அதில் பொக்கை வாய்ச் சிரிப்போடு ஒரு கைக்குழந்தை. வாசலிலேயே ஒருமுறை காட்டியாகிவிட்டது. “என் பையன். அஞ்சு கிலோ இருநூறு. டாக்டரே அசந்துட்டார். பிள்ளை பெத்தவன் நான். அந்தக் குழந்தையை நினைச்சா எனக்கு வயிறு எரியாதா மேடம்?”

மேடம் கூடத்துக்குள் நடந்தார். அவர் கண் டி.வி.யில் இல்லை. மேஜைகளின் மேல் இருந்தது. ஒவ்வொரு கீபோர்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவர், ஓரத்து மேஜையில் நின்றார்.

“சுக்கு, இந்தக் கீபோர்டுல என்ன தெரியுது?”

“பிஸ்கட் தூள் மேடம்.”

“மேல் வரிசை.”

மேல் வரிசையில் ஒரே ஒரு பட்டனில் எழுத்து சுத்தமாக அழிந்திருந்தது. பக்கத்துப் பட்டன்கள் புத்தம் புதிதாக இருந்தன. அடுத்த மேஜையிலும் அதே பட்டன். அதற்கடுத்ததிலும் அதே.

“படிக்கட்டு தேயறது பார்த்திருக்கேன். ஊரே சேர்ந்து ஒரே படியில கால் வெச்ச மாதிரி இருக்கே!”

ஓரத்து மேஜைக்குச் சொந்தக்காரன் எழுந்து நின்றான். சோதனைகளைப் பார்த்துக்கொள்ளும் இளைஞன். சுவரைப் பச்சையாகவே வைத்திருப்பதால் ஆபீசில் அவனுக்குப் பச்சையப்பன் என்று பட்டம்.

“இந்தப் பட்டன் எதுக்கு தம்பி?” மேடம் மெதுவாகக் கேட்டார்.

“அது... சோதனையைத் திருப்பி ஓட்டறதுக்கு.”

“எப்போ திருப்பி ஓட்டுவீங்க?”

பச்சையப்பன் மேலாளர் இருந்த பக்கம் பார்த்தான். அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டான். “சிவப்பா வந்தா மேடம். நெட்வொர்க் கொஞ்சம் இழுத்தாக்கூட சிவப்பு வந்துடும். மறுபடி ஒரு தட்டு தட்டினா பச்சையாயிடும். ரெண்டாவது தட்டுன்னு சொல்லுவோம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்துடுவோம்.”

“ரெண்டாவது தட்டுலயும் சிவப்பா வந்தா?”

“மூணாவது தட்டு.”

“மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிக்கிற வரைக்கும் பொண்ணு பார்க்கற மாதிரி,” என்றான் சுக்கு.

“அதுக்கும் மசியலேன்னா?” மேடம் விடவில்லை.

“அழுகுணி மூலைக்கு அனுப்பிடுவோம். ஓயாம சிவப்பா வர்ற சோதனையை எல்லாம் அங்க தள்ளிடுவோம் மேடம். அங்க ஓடும். ஆனா ரிசல்ட் சுவருக்கு வராது. நேரம் கிடைக்கறப்போ சரி பண்ணலாம்னு...”

“கிடைச்சுதா?”

அவன் கீபோர்டில் இருந்த பிஸ்கட் தூளைத் துடைக்க ஆரம்பித்தான்.

“அழுத பிள்ளைக்குத்தான் பால் குடுப்பாங்க,” என்றான் சுக்கு. “நீங்க கதவைச் சாத்திட்டு டி.வி. பார்த்திருக்கீங்க.”

“அந்த மூலையில நோயாளி எடை சம்பந்தமா ஏதாவது இருக்கா?”

பச்சையப்பன் தலையாட்டினான். “ஒண்ணு இருக்கு. ஓடற ஒவ்வொரு தடவையும் அதுவே ஏதோ ஒரு எடையை எடுத்துக்கிட்டு, மருந்து அளவு சரியா வருதான்னு பார்க்கும். பத்துப் பதினஞ்சு தடவைக்கு ஒரு தடவை அழும். ஏன்னு தெரியல. மூடு சரியில்லைன்னு நாங்களே சொல்லிப்போம். நான் சேர்ந்த நாள்லேருந்து அப்படித்தான்.”

“நீங்க சேர்ந்தப்போ சிட்டு இங்க இருந்தாங்களா?”

“இல்ல. எனக்கு அப்புறம்தான் வந்தாங்க.” சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது.

“உங்க லேப்டாப்பை எடுத்துக்கிட்டு என்கூட வாங்க,” என்றார் மேடம்.

கண்ணாடி அறையின் கதவைச் சாத்தியதும் வெளிச்சத்தம் அடங்கியது. சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்துக் காய்ந்த கண்கள்.

“உங்க நாத்தனார் அனுப்பினாங்க,” என்றார் மேடம். “எடைச் சோதனை ஏன் அழுவுதுன்னு நீங்க எப்பவாவது கேட்டீங்களா?”

“ஒரு தடவை கேட்டேன் மேடம். அழறப்போ எந்த எடையை எடுத்துக்கிச்சுன்னு அது காட்டறதே இல்ல. சிவப்புன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கும். ஒரே ஒரு வரி சேர்த்தா காட்டிடும். சேர்க்கட்டுமான்னு மீட்டிங்ல கேட்டேன். வெட்டி வேலைன்னு மேலாளர் சொல்லிட்டார். மறுநாள் பார்த்தா அதை அழுகுணி மூலைக்கு அனுப்பியிருந்தாங்க.”

“யாரு அனுப்பினது?”

“தெரியல. அந்த மூலைக்கு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு.”

“பொதுக் குளியலறை சாவி மாதிரி,” என்று முணுமுணுத்தான் சுக்கு.

மேடம் லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளினார். “அந்த ஒரு வரியை இப்போ சேருங்க.”

சிட்டுவின் விரல்கள் ஓடின. வரி சேர்ந்தது. சோதனையை விடாமல் ஓட்டினாள். பச்சை. பச்சை. பச்சை. ஐம்பத்து நாலு கிலோ, எழுபத்தெட்டு, முப்பத்தொன்று. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கச் சுக்கு படாத பாடு பட்டான். திடீரென்று திரையில் ஒரு சிவப்பு.

6.3 கிலோ.

மறுபடி வரிசையாகப் பச்சை. பிறகு சிவப்பு: 9.1. இன்னும் கொஞ்ச நேரத்தில், 3.7.

“பத்துக்குக் கீழே,” என்றாள் சிட்டு. “எல்லாம் குழந்தைங்க.”

“இங்க பாரு, ஏழு கிலோ பச்சையாத்தானே வந்திருக்கு?” பச்சையப்பன் திரையில் விரலை வைத்தான்.

மேடம் அந்த ஏழையே பார்த்தார். பிறகு சிட்டுவைப் பார்த்தார். சிட்டு, “ஐயோ,” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். “புள்ளி! பத்துக்கு மேல இருந்தா முழு கிலோதான் போட முடியும். கீழே இருந்தாத்தான் புள்ளி வெச்சுப் போடலாம். அந்தப் புள்ளியைப் புரோகிராம் முழுங்கிடுது மேடம். ஆறு புள்ளி மூணு, அறுபத்து மூணாயிடுது! அது பெரியவங்க எடை. அதனால அலாரமும் அடிக்காது.” நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “இது என் வெர்ஷன்ல வந்ததில்ல. பழைய பம்புலயும் இருந்தா... வார்டுல எல்லாம் இன்னும் ஓடிட்டிருக்கு. உடனே சொல்லணும்!”

“பழி சுமக்கிறவ சொன்னா, தப்பிக்கப் பார்க்கறான்னுதான் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன் போறதுக்கு முன்னாடி மேலாளரே வந்து அதெல்லாம் சும்மான்னு சொல்லிடுவார்.” மேடம் அவள் தோளில் கை வைத்தார். “பத்து நிமிஷம் குடுங்க. சுக்கு, வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு பம்பு நிக்குதே, பார்த்தியா?”

“கம்பெனியோட முதல் பம்பு. மாலை ஒண்ணுதான் குறைச்சல்.”

“அதைத் தூக்கிட்டு முதலாளியம்மா ரூமுக்கு வா.”

முதலாளியம்மா அதிகம் பேசாதவர். மேஜை மேல் கொண்டுவந்து வைத்த பழைய பம்பையும், அதைச் சுற்றி நின்ற ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார். மேலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு சன்னலோரம் நின்றார். பச்சையப்பன் கதவருகே. கதவுக்கு வெளியே, உள்ளே வரச் சொல்லாததால் வராமல், சிட்டு.

“மணி நாலரை தாண்டியாச்சு,” என்றார் முதலாளியம்மா. “இது என்ன விளையாட்டு?”

“சின்ன விளையாட்டுதாம்மா,” என்றார் மேடம். “இது நீங்க வித்த முதல் மாடல். சிட்டு இந்த ஆபீஸ் வாசலை மிதிக்கறதுக்கு முன்னாடி செஞ்சது. கிலோவுக்கு ஒரு மில்லி மருந்துன்னு வெச்சிருக்கேன். அதனால எந்த எடையைத் தட்டினாலும் அதே எண்தான் திரும்பி வரணும். ஆளுக்கு ஒரு தடவை. உங்க உயிருக்கு உயிரானவங்க எடையைத் தட்டுங்க.”

முதலாளியம்மா பெருமூச்சோடு தட்டினார். 86. “என் வீட்டுக்காரர். உயிரான்னு கேட்டா யோசிக்கணும். எடை மட்டும் நிச்சயம்.”

திரையில் 86 மில்லி.

பச்சையப்பன் தயங்கி 71 தட்டினான். “எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அதனால நானே.” திரையில் 71.

மேலாளர் முன்னால் வந்தார். ஒரே ஒரு கணம் அவர் விரல் பட்டன்களின் மேல் அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரே தட்டு.

5.

திரையில் 5 மில்லி.

“என் பையன்,” என்றார். குரலில் வெற்றி. “பார்த்தீங்களா? பழைய பம்பு குழந்தைக்கும் சரியாத்தான் போடுது. பழைய பம்பு தங்கம்னு நான் அப்பவே சொன்னேன்.”

சுக்கு தொண்டையைக் கனைத்தான்.

“சார், பிள்ளை எடையைக் கூட்டிச் சொல்ற அப்பன்களை நிறையப் பார்த்திருக்கேன். குறைச்சுச் சொல்ற அப்பனை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அந்த இருநூறு கிராம் எங்க போச்சு?”

“ரவுண்டா போட்டேன். அதுக்கென்ன?”

“ஒண்ணுமில்ல,” என்றார் மேடம். “முழுசாப் போடுங்க. அஞ்சு புள்ளி ரெண்டு.”

மேலாளர் பம்பைப் பார்த்தார். முதலாளியம்மாவைப் பார்த்தார். கை மட்டும் நகரவில்லை.

“யாருக்கும் மாட்டாத பம்பு சார் இது. நாலு பட்டன் தட்டினா யாரும் சாகப் போறதில்ல. தட்டுங்க.”

“எனக்கு... இந்த மாதிரி நாடகத்துக்கெல்லாம்...”

மேடமே தட்டினார். ஐந்து. புள்ளி. இரண்டு.

திரையில் 52 மில்லி.

முதலாளியம்மா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“குழி எங்க இருக்குன்னு தெரியாதவன் நேரா நடப்பான்மா,” என்றார் மேடம். “விழுந்தாலும் விழுவான், தப்பினாலும் தப்பிப்பான். குழி தெரிஞ்சவன்தான் ஒரு அடி தள்ளிக் கால் வைப்பான். உங்க கம்பெனியில இந்தப் புள்ளியைத் தாண்டிக் கால் வெச்சது இவர் ஒருத்தர்தான். எடைச் சோதனை இத்தனை நாளா இதைத்தான் சொல்லி அழுதுட்டிருந்துச்சு. எல்லாரும் ரெண்டாவது தட்டு தட்டி அதைச் சமாதானப்படுத்தினாங்க. சிட்டு மட்டும் ஏன் அழறேன்னு கேட்டா. மறுநாளே அதை மூலையில தள்ளினது யாருன்னு இப்போ தெரியுதா?”

மேலாளர் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சட்டென்று பத்து வயது கூடினாற்போல் இருந்தது.

“ஒருநாள் தனியா உட்கார்ந்து கண்டுபிடிச்சேன்,” என்றார். “அப்பவே ஆயிரக்கணக்குல வித்தாச்சு. வெளியில சொன்னா அத்தனையும் திரும்ப வாங்கணும். கம்பெனியே இருக்காதும்மா. சும்மா விடல நான். பத்து கிலோவுக்குக் கீழே முழு கிலோவா போடுங்கன்னு கையேட்டுல ஒரு வரி சேர்த்தேன். அந்த நர்ஸ் அதைப் படிச்சிருந்தா...”

“ராத்திரி டியூட்டியில பத்துக் குழந்தையைப் பார்க்கறவ, உங்க கையேட்டை மடியில வெச்சுப் படிப்பாளா?” முதலாளியம்மாவின் குரல் கிரீச்சிட்டது. கதவைத் திறந்தார். “சிட்டு! உள்ள வாம்மா. இனி உன்கிட்ட யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. நீ வீட்டுக்குப் போகலாம்.”

சிட்டு உள்ளே வந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் நடை இல்லை அது. நேராக மேஜைக்குப் போய் டெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

“குழந்தைங்க வார்டு நம்பர் எல்லாம் வேணும். பக்கத்துல இருக்கறதுலேருந்து ஆரம்பி.”

பச்சையப்பன் லேப்டாப்பைத் திறந்து நம்பரைச் சொல்லச் சொல்ல, அவள் தட்டிய வேகத்தில் பட்டன்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது. அதே நேரம் வாசலில் பூட்ஸ் சத்தம். இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும்.

“அந்தப் பொண்ணு யாரு?”

“பொண்ணு இல்ல சார். இவர்,” என்று முதலாளியம்மா சன்னல் பக்கம் கை காட்டினார்.

கான்ஸ்டபிள் தோளைத் தொட்டதும் மேலாளர் சீறினார். “நான் மட்டும்தான் பாவியா? அவளைக் கேளுங்க! அது அழுதப்போ எத்தனை தடவை அவ ரெண்டாவது தட்டு தட்டினான்னு கேளுங்க!”

ரிசீவரைக் காதில் வைத்தபடியே சிட்டு திரும்பினாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

“எண்ணல சார்,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “நிறையத் தடவை. வீட்டுக்குக் கிளம்பற அவசரத்துல எல்லாம் தட்டியிருக்கேன். ஏன்னு கேட்டது ஒரே ஒரு தடவை. வேண்டாம்னாங்க, விட்டுட்டேன். அதையும் எழுதிக்குங்க.”

“உங்களை யாரும்...” என்று ஆரம்பித்தார் இன்ஸ்பெக்டர். அவள் கையை உயர்த்தினாள். மறுமுனையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

“சிஸ்டர், பம்பு கம்பெனியிலேருந்து பேசறேன். உங்க வார்டுல இப்போ பம்பு மாட்டியிருக்கிற குழந்தை யாராவது... ஒண்ணா? எப்போ மாட்டினீங்க?... எடை என்ன போட்டீங்க?”

ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள். களைத்த ஒரு குரல் அறை முழுக்கக் கேட்டது. “இப்பதான் மாட்டிட்டு வர்றேன். எட்டு புள்ளி நாலு.”

“கழட்டுங்க சிஸ்டர்! எதையும் தட்டாதீங்க, குழாயைக் குழந்தை கையிலேருந்து கழட்டுங்க. ஓடுங்க!”

ரிசீவர் எங்கோ மோதும் சத்தம். செருப்புச் சத்தம். தூரத்தில் ஒரு கட்டில் கிரீச்சிட்டது. மேலாளரைப் பிடித்திருந்த கான்ஸ்டபிள்கூட நகரவில்லை. சுக்கு வாயைத் திறந்தான். எதுவும் வராமல் மூடிக்கொண்டான்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. மூச்சு வாங்கும் சத்தம். அதற்குப் பின்னால், தூக்கத்தைக் கலைத்த கோபத்தில் வீறிட்டழும் ஒரு குழந்தையின் குரல்.

“கழட்டிட்டேன். கொஞ்சம்தான் போயிருக்கு. டாக்டரைக் கூப்பிட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு, தொண்டை கிழிய அழுவுது, கேட்குதா?... யாருங்க நீங்க?”

“கேட்குது சிஸ்டர்,” என்றாள் சிட்டு. போனை வைத்துவிட்டுப் பச்சையப்பன் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த நம்பரைச் சொல்லு.”